இரண்டு கமா

ஸ்காபரோவிலிருந்து சிவநேசன் எழுதியிருக்கிறார்:
அம்மாவின் ஆண்டுத் திவசம் வருகுது,
மரண அறிவித்தலைத் திரும்பவும் எல்லாருக்கும் அனுப்பவேணும்,
பிள்ளையளின்ரை பேர் வரிசையிலை
என்ரை பேருக்குப் பிறகு இரண்டு கமா நிக்குது,
ஒண்டை எடுத்துவிடுங்கோ, தங்கச்சி.

சின்ன வேலை.
பலாலி வீதியில் மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அறை.
காற்றாடி சுழன்றால் சுவரில் கலண்டர் அடிக்கும்.
குகதாசன் அண்ணை காலையிலேயே சொல்லிவிட்டார்:
டிலக்சன் விட்டிட்டுப் போன பக்கமெல்லாம் குப்பை,
பத்திக்குப் பத்தி ஒரு ஸ்டைல்,
நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாம்
அந்தந்த வரியிலேயே கட்டித் தொங்குது.
பிடுங்கு.
எல்லாத்துக்கும் பொதுவாய் ஒரு கோப்பு,
அதுக்குள்ளை ஒரே விதி.

பிடுங்கினேன்.
‘சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும்’ கருநீலம், பதினெட்டு.
‘வதிவிடமாகவும்’ பதினேழரை.
ஏனடா அரை?
‘அன்னார்’ என்ற சொல்லுக்கு மட்டும் சாய்வு.
‘பாசமிகு தாயாரும்’ மண்ணிறம்,
ஆரோ தேத்தண்ணியைச் சிந்தின மாதிரி.
பொதுக்கோப்பு என்ன சொன்னாலும்
வரியில் எழுதினதுதான் வெல்லும்.
ஊருக்கொரு சட்டம் இருந்தாலும்
படலைக்குள்ளே வேறை சட்டம்.

கமாவுக்கு வந்து சேர்ந்தேன்.
இரண்டுக்கும் நடுவில் வெறுமை இல்லை.
ஸ்பான் ஒன்று திறக்கிறது.
ஸ்டைல், சமன், மேற்கோள்,
நிறம், முக்காற்புள்ளி, வெள்ளை, அரைப்புள்ளி.
உள்ளே: யோகராணி.

வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்து.

மருமக்கள் வரிசைக்குப் போனேன்.
அங்கேயும் இரண்டு கமா.
நடுவில்: அந்தோனிமுத்து.
பேரப்பிள்ளைகளின் முடிவில்,
‘ஆகியோரின் அன்புப் பேத்தியாரும்’ தொடங்க முன்னம்
ஒரு பிள்ளை நிற்கிற அளவு இடம்.
மௌஸை அழுத்தி இழுத்தேன், நீலம் படர்ந்தது,
நீலத்துக்குள் ஒரு பேர்:
மெலிஷா.

வேண்டாம் எண்டு சொல்லியிருப்பினம்.
அழிக்க ஒரு விசை காணும்.
மறைக்கவும் முறையான சொல் இருக்கிறது, ‘டிஸ்ப்ளே நன்’.
கமாவையும் சேர்த்து அதற்குள் வைத்தால்
இடமும் மிஞ்சாது, கேள்வியும் வராது.
டிலக்சனுக்கு இது தெரியாததில்லை,
எனக்கே அவன்தான் காட்டித்தந்தவன்.
அவன் வெள்ளையைப் போட்டான்.
கமாவை வெளியே விட்டான்,
கறுப்பாய்.

கண் தெரியாதவருக்குப் பக்கத்தை வாசிக்கிற குரல்
நிறம் பார்க்காது.
எங்கோ ஒரு வீட்டில் அது
சிவநேசனுக்கும் பகீரதனுக்கும் நடுவில்
யோகராணி என்று சொல்லி
மூச்சு விட்டிருக்கும்.

டிலக்சன் இப்ப கட்டாரில்.
வாட்ஸப்பில் கேட்டேன்: ஏன் வெள்ளை?
இரண்டு நீலக் கோடு.
பத்து நிமிசத்துக்குப் பிறகு: எந்த வெள்ளை?
அதற்குப் பிறகு: அங்கை இப்பவும் கரண்ட் போகுதோ?

முடிஞ்சுதோ என்று கேட்கிறார் குகதாசன் அண்ணை.
முடிஞ்சுது அண்ணை, ஒரு வரியிலும் ஒண்டும் மிச்சமில்லை.
நிறம் கறுப்பு, அளவு பதினாறு,
ஒருத்தருக்கும் தனிச் சலுகை கிடையாது.
நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.
சேமித்து, பக்கத்தைத் திரும்பத் திறந்தேன்.
மூண்டு பேரும் வந்து நிண்டினம்,
மற்றவையின் அதே கறுப்பில்,
கொஞ்சம் நெருக்கிக்கொண்டு.
பகீரதன் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டார்.

ஸ்காபரோவில் இப்போது விடியவில்லை.
எழுதி வைத்தேன்:
வணக்கம் அண்ணா. கமாவைப் பார்த்தேன்.
இரண்டும் தேவையானதுதான்.
அனுப்ப முதல் ஒருக்கா
முழுக்க வாசிச்சுப் பாருங்கோ.